டூ ஹையில் ஊளை, ஃபோர் ஹையில் டொக்: பிக்கப்பின் அடியில் சத்தம் எங்கிருந்து வருகிறது?

கேள்வியின் சுருக்கம்: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி மணலில் இறங்கி ஏறும் டபுள் கேப் டீசல் பிக்கப். 2018 மாடல், 1,10,000 கி.மீ. ஓட்டம், ஃபோர் வீல் டிரைவ். டூ ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) 50 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் அடியிலிருந்து ஊளை. ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு வண்டியைத் திருப்பினால் 'டொக், டொக்' என்று அடி. பின் டயர் இரண்டும் இரண்டு மாதத்துக்கு முன் புதிதாகப் போட்டவை. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஆக்சில் ஹவுசிங் (இரும்புக் கூடு) மூழ்க ஓட்டியதுண்டு. முன் டிஃபரன்ஷியலை (சக்கரங்களின் வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கும் பல் சக்கரத் தொகுதி) இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு சத்தம் இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. டொக் சத்தத்தில் பெரும்பகுதி பழுதே இல்லாமலும் இருக்கலாம். ஊளைதான் கவனிக்க வேண்டியது. அதுவும் முன் பக்கத்தைவிடப் பின் பக்கத்திலிருந்து வருவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்தச் சத்தம் எந்தத் தண்டின் சுற்றோடு சேர்ந்து போகிறது என்று தெரியாமல் ஸ்பானரை எடுத்தால், நல்லதைப் பிரித்துப் போட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிடுவோம்.

முதலில் டொக். இந்தியாவில் ஓடும் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகள், வி-கிராஸ், ஹைலக்ஸ் உட்பட, 'பார்ட் டைம்' வகை. ஃபோர் ஹை போட்டதும் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்னும் பின்னும் பிரித்து அனுப்பும் பெட்டி) ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில் வேக வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது. நேராகப் போகும்வரை பிரச்சினை இல்லை. திருப்பினால் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீல்பேஸ் சுமார் 3.1 மீட்டர். ஸ்டியரிங்கைக் கிட்டத்தட்ட முழுக்க ஒடித்து, பின் ஆக்சிலின் நடு 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், முன் ஆக்சிலின் நடு ஏறத்தாழ 5.9 மீட்டர் ஆரத்தில் திரும்பும். கால் வட்டம் திரும்புவதற்குள் பின் பக்கம் ஓடுவது 7.85 மீட்டர், முன் பக்கம் 9.2 மீட்டர். ஒரே திருப்பத்தில் 1.4 மீட்டர் வித்தியாசம்! இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்க, அந்த 1.4 மீட்டர் எங்கே போகும்? மணலில் டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. ஷாஃப்ட்டும் ஆக்சிலும் முறுக்கேறி, தாங்காத கட்டத்தில் ஏதாவது ஒரு டயர் துள்ளி விடுபடும். அதுதான் டொக்.

சில்வர் பீச் மணலில் இருந்து ஏறி, ஃபோர் ஹையிலேயே தார் ரோட்டில் வண்டியைத் திருப்புகிறீர்கள் என்றால் இந்தச் சத்தம் வந்தே தீரும். மணல் முடிந்த இடத்திலேயே டூ ஹைக்கு மாற்றுங்கள். மாற்றியும் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு அணையவில்லை என்றால் லிவரையோ நாப்பையோ போட்டு முறுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள். ஏறியிருந்த முறுக்கு கழன்று, உள்ளே பூட்டும் ஸ்லீவ் தானாக விலகும்.

இதைச் சரிபார்ப்பதும் எளிது. அதே திருப்பத்தை அதே வேகத்தில் ஈர மணலிலோ புழுதி மண்ணிலோ ஃபோர் ஹையில் எடுங்கள். டொக் இல்லையென்றால் அந்த விஷயத்தை அத்தோடு மூடிவிடலாம். அங்கேயும் வந்தால் சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள். சக்கரம் சுற்றும் தாளத்தில் 'டிக்டிக்டிக்' என்று வந்து, திருப்பம் கூடக்கூட வலுத்தால் சிவி ஜாயிண்ட், அதாவது முன் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் மூட்டு. அது டூ ஹையிலும் லேசாகக் கேட்கலாம், ஏனென்றால் ஹப்பைப் பூட்டித் திறக்கும் வகை தவிர மற்றவற்றில் டூ ஹையிலும் முன் சக்கரத்தோடு சிவி ஷாஃப்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சுமை இல்லாததால் அடங்கிக் கிடக்கும், அவ்வளவே. மூட்டின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து வைத்துப் பாருங்கள். அப்படியில்லாமல், மணலில் நேராக, லோடு ஏற்றி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது, உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே 'டடக்' என்று இரும்பு குதிப்பது போல வந்தால், டிரான்ஸ்ஃபர் கேஸ் சங்கிலி நீண்டுபோய்ப் பல் தாண்டுகிறது. சங்கிலி வைத்த கேஸ்களில் மட்டும் வரும் நோய் இது. இதை ஓட்டித் தேய்க்கக் கூடாது. நீண்ட சங்கிலி உள்ளே உறையில் உரச ஆரம்பித்தால் அலுமினிய உறையே ஓட்டையாகும்.

டயர் விஷயத்துக்கு வருவோம். பின் டயர் மட்டும் புதிது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். டூ வீல் டிரைவ் வண்டிக்கு அது சின்ன விஷயம். உங்கள் வண்டிக்கு அப்படியில்லை. பின்னால் 8 மி.மீ. பட்டன் (டயரின் மேல் கட்டைகளின் உயரம்), முன்னால் 3 மி.மீ. என்றால் ஆரத்தில் 5 மி.மீ. வித்தியாசம். 255/60 ஆர் 18 டயரின் ஆரம் சுமார் 381 மி.மீ. ஆகவே 1.3 சதவீதம். ஒரு கிலோமீட்டர் ஃபோர் ஹையில் நேராக ஓடினாலே 13 மீட்டர் அளவுக்கு முறுக்கு ஏறுகிறது என்று பொருள். திருப்பாமலே வண்டி இழுக்கும், ஃபோர் ஹையிலிருந்து வெளியே வர மறுக்கும், டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடேறும். மணலுக்காகக் காற்றை இறக்கும்போது பின்னால் மட்டும் இறக்கினாலும் இதே கதைதான்.

அளக்க ஒரு சாக்பீஸும் டேப்பும் போதும். நாலு டயரிலும் ஒரே காற்று வையுங்கள். சமமான தரையில் முன் டயரின் அடியில் ஒரு கோடு, அதற்கு நேர் தரையில் ஒரு கோடு. பின் டயருக்கும் அப்படியே. டூ ஹை, நியூட்ரலில் ஆள் வைத்து நேராகத் தள்ளி, முன் டயர் சரியாக ஐந்து சுற்று முடிக்கும் இடத்தில் தரையில் குறியுங்கள். பின் டயர் ஐந்து சுற்று முடிக்கும் இடத்தையும் குறியுங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 12 மீட்டர் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 6 செ.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 12 செ.மீ.யைத் தாண்டினால் முன் டயரையும் மாற்றுங்கள், அல்லது அது வரை ஃபோர் ஹையை முழுமணலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஊளை. இதில் பொறுமை வேண்டும்.

டூ ஹையில் உங்கள் வண்டியின் முன் பக்கத்தில் எது சுற்றுகிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஹப்பைப் பூட்டித் திறக்கும் வகை என்றால் டூ ஹையில் முன் ஆக்சில் முழுக்க ஓய்வு, சக்கர பேரிங் மட்டும் சுற்றும். முன் டிஃபரன்ஷியலில் ஒரு பக்கத் தண்டை மட்டும் துண்டிக்கும் வகை என்றால் இரண்டு சிவி ஷாஃப்ட்டும், உள்ளே சின்ன ஸ்பைடர் பற்களும் சுற்றும். கிரவுன் (டிஃபரன்ஷியலின் பெரிய பல் சக்கரம்), பினியன் (அதோடு பல் கோக்கும் சின்ன பல் சக்கரம்), முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் நீளத் தண்டு) மூன்றும் நின்றுவிடும். எந்தத் துண்டிப்பும் இல்லாத வகை என்றால் எல்லாமே எப்போதும் சுற்றும். உங்கள் வண்டி எது என்று அறிய முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி, டூ ஹையில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் கையால் சுற்றுங்கள். முன் ஷாஃப்ட் சுற்றாமல் நின்றால் துண்டிப்பு வகை. அப்படியானால் முன் கிரவுன் பினியன் டூ ஹையில் ஊளையிட வழியே இல்லை. மெக்கானிக் சொன்னதை நான் சந்தேகிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு, பலருக்கும் தெரியாதது. ஒரு பக்கத் தண்டைத் துண்டிக்கும் முன் டிஃபரன்ஷியல்களில் அந்தத் தண்டு ஒரு நீடில் பேரிங்கில் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வைத்த பேரிங்) உட்கார்ந்திருக்கும். அந்த பேரிங் தேய்ந்தால் டூ ஹையில் 50 முதல் 90 கி.மீ. வேகத்துக்குள் ஒரு முனகல் எழும், ஃபோர் ஹை போட்டதும் மாயமாகிவிடும். ஆக, சத்தம் ஃபோர் ஹையில் மறைகிறதா என்பது விலைமதிப்புள்ள சோதனை. மறைந்தால் மாற்ற வேண்டியது ஒரு சின்ன பேரிங்கும் சீலும். கிரவுன் பினியன் பக்கமே போக வேண்டாம்.

சோதனை ஓட்டத்துக்கு கடலூர் - புதுச்சேரி சாலை நல்ல இடம், ஆனால் விடியற்காலை 5 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பஸ் ஓட்டம் தொடங்கிய பிறகு அந்தச் சாலையில் 60-ஐ நிலையாகப் பிடிக்க முடியாது. கண்ணாடி இறக்கி, ஏசி, பாட்டு எல்லாம் நிறுத்தி, பின் சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். லோடு வேண்டாம். கூட வருபவர் குறித்துக்கொள்ளட்டும், ஓட்டுபவர் ஓட்டட்டும்.

40, 50, 60, 80-இல் ஒவ்வொன்றாகப் பிடித்து, சத்தம் எங்கே தொடங்குகிறது, எங்கே உச்சம், எங்கே அடங்குகிறது என்று எழுதுங்கள். பிறகு 60-இல் நேரான காலிச் சாலையில் நியூட்ரலுக்கு எடுங்கள். இன்ஜினை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் இறுகிவிடும். இன்ஜின் ஐட்லிங்குக்கு இறங்கியும் ஊளை மாறாமல் இருந்தால் இன்ஜின் குற்றவாளி இல்லை. அதே 60-ஐ நாலாவது கியரிலும் ஐந்தாவதிலும் பிடித்துப் பாருங்கள். கியருக்குக் கியர் சுதி மாறினால் கியர்பாக்ஸ். மாறாவிட்டால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ளது ஏதோ ஒன்று.

பழைய தாரிலிருந்து புதிதாகப் போட்ட தாருக்கு ஏறும்போது சத்தம் மாறுகிறதா? மாறினால் டயர். நீங்கள் போட்ட புது பின் டயர் கட்டைப் பட்டன் ஆல்-டெரெய்ன் வகை என்றால் ஊளை அதன் பிறவிக் குணம். டயர் மாற்றிய நாளிலிருந்து சத்தமா, அதற்கு முன்பிருந்தா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் ஒரு நாள் மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் விஷயம் முடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

சாலை காலியாக இருக்கும்போது 50-இல் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமுமாகப் பாம்பு போல ஆட்டுங்கள். இடப் பக்கம் திருப்பும்போது ஊளை வலுத்து, வலப் பக்கம் திருப்பும்போது குறைந்தால், பாரம் சாயும் வலது சக்கரத்தின் பேரிங்தான் பெரும்பாலும் காரணம். எதிர்ப்பக்கமும் அப்படியே.

கடைசியாக ஆக்சிலரேட்டர். 60-இல் இழுவையோடு ஒருமுறை, காலை முழுக்க எடுத்து ஒருமுறை, இழுவையும் இல்லாமல் தடையும் இல்லாமல் மிதக்கவிட்டு ஒருமுறை. கிரவுன் பினியன் பல் தேய்மானம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் 'ஊய்ய்ங்' என்று தெளிவாகப் பாடும், மற்றதில் அடங்கும். பினியன் பேரிங் போயிருந்தால் சுத்தமான சுதி இருக்காது, ஆலை ஓடுவது போல 'கர்ர்' கலந்திருக்கும். காலை எடுக்கும்போது அது கூடினால் பினியனின் இறுக்கம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். காலை வைத்தாலும் எடுத்தாலும் துளியும் மாறாத முனகல் டயர் அல்லது சக்கர பேரிங்.

காதை நம்பாதவர்கள் ஃபோனில் ஒலி ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு எண்ணைப் பார்க்கலாம். மேலே சொன்ன டயர் அளவுக்கு 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 7 சுற்று. கிரவுன் 41 பல், பினியன் 10 பல் என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் விநாடிக்கு 28 சுற்று சொச்சம். ஆகவே 7 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்வு என்றால் டயர் அல்லது டிஸ்க். 28 என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ். 57 என்றால் யூனிவர்சல் ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில் உள்ள மூட்டு), ஏனென்றால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அதன் நடுவில் உள்ள சிலுவை வடிவ கிராஸ் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 285 பக்கம் ஒரு முனை எழுந்தால் கிரவுனும் பினியனும் பல் கோக்கும் ஒலி. உங்கள் வண்டியின் பல் எண்ணிக்கையும் டயர் அளவும் வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வேகமானி சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால் வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள்.

இனி அடியில் படுக்கும் வேலை. அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஃபோர் ஹையில் கியர் போட்டு ஓடவிட்டால், தரையில் இருக்கும் முன் சக்கரம் இழுத்து வண்டி ஸ்டாண்டைவிட்டு இறங்கும். ஓடவிட வேண்டும் என்றால் நாலும் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் கையால் சுற்றுவதோடு நிறுத்துங்கள். கடற்கரைப் பக்கத்து மணல் தரையில் ஜாக்கி புதையும், அடியில் கெட்டியான பலகை போடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை ஸ்டாண்டாக வைக்கும் பழக்கம் உயிரை வாங்கும்.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட், இடவலமாக ஆட்டினால் மட்டும் ஆட்டம் என்றால் டை ராடு. ஆட்டமே இல்லாமலும் பேரிங் கெட்டிருக்கலாம். ஒரு கையால் முன் ஸ்பிரிங் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதில் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஷாஃப்டுக்கு வாருங்கள். யூனிவர்சல் ஜாயிண்டின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள், மேலும் கீழும் நெம்புங்கள். துளி ஆட்டமும் கூடாது. கிராஸின் கப் ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே ஊசிகள் காய்ந்து துருப்பிடித்து அரைபடுகின்றன. உப்பு மணலில் இறங்கும் வண்டிகளில் இது மிகச் சாதாரணம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நாலு கப்பிலும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதுசு தலைகாட்டும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்று அடைத்திருக்கிறது, கிராஸை மாற்றும் நேரம்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பின்னால் ஒரே ஒரு 'டொக்', அதன்பின் ஓட்டத்தில் ஒன்றுமில்லை என்றால், அது பெரும்பாலும் ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க வழிவிடும் பல் வரி இணைப்பு) காய்ந்து இழுபடும் சத்தம். இதை டிஃபரன்ஷியல் ஆட்டம் என்று நினைத்துக் கிரவுன் பினியன் மாற்றியவர்கள் உண்டு. கிரீஸ் வைத்தால் சரியாகும். ஆனால் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கத்திலும், ஸ்ப்ளைன் மேலும், ஃபிளாஞ்ச் மேலும் பெயிண்டில் நேர்கோடு போடுங்கள். கோடு போடாமல் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் இரண்டு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் நிற்காது. முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்து சேரும். பிறகு 'பேலன்ஸ் போச்சு' என்று லேத்துக்கு அலைய வேண்டும்.

லோடுக்காகப் பின்னால் ஸ்பிரிங் பட்டை கூட்டியிருக்கிறீர்களா? கூட்டியிருந்தால் காலியாக ஓடும்போது பினியனின் சாய்வு மாறியிருக்கும். காலியில் நடுக்கம், லோடு ஏற்றினால் சரி என்றால் காரணம் அங்கே. சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது ஆயில். உங்கள் விஷயத்தில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிக் கடலூர் சுற்றுப்பகுதிகளில் தண்ணீர் நின்றது. ஓடிச் சூடேறிய ஹவுசிங் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி உறிஞ்சும். மேலே இருக்கும் பிரீதர் (ஹவுசிங் மூச்சுவிடும் சின்ன காற்றுத் துளை) தண்ணீருக்கு அடியில் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாக உறிஞ்சும். எப்படியும் உள்ளே போகும். ஆயிலோடு கலந்து பல்லில் படியும்போது மசகு தன்மை போய், முதலில் அடிவாங்குவது பினியன் பேரிங்.

உப்புக் காற்றில் பிரீதரின் தொப்பி துருப்பிடித்து இறுகிப்போவது நம் கரையோர வண்டிகளின் தனி நோய். அப்படி இறுகினால் ஓட்டத்தில் சூடாகும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, பினியன் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றுவார்கள். பிரீதரைத் தொட மாட்டார்கள். மூன்று மாதத்தில் மறுபடி கசியும். கடைசியில் ஆயில் குறைந்து பேரிங் ஊளையிடும். உங்கள் பினியன் ஃபிளாஞ்ச் அடியில் எண்ணெய் ஈரமும் மண்ணும் அப்பியிருந்தால் இந்தக் கதையை அங்கேயே படித்துவிடலாம். பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். முடிந்தால் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி சேஸிஸுக்கு மேலே உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.

ஆயில் பார்க்கும்போது எப்போதும் மேல் பிளக்கை முதலில் திறங்கள், அடி பிளக்கை அல்ல. துருவேறிய மேல் பிளக் திறக்காமல் போய், அடியில் ஆயிலை எல்லாம் வடித்துவிட்டிருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். மேல் பிளக் திறந்ததும் சுண்டுவிரலை விட்டு மடக்கிப் பாருங்கள். ஆயில் துளையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். பிறகு கொஞ்சம் வடித்து ஒரு வெள்ளைத் தட்டில் விடுங்கள். தேன் நிறமோ கருப்போ பரவாயில்லை. பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

வடி பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பான பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் குத்தும் சிலாம்புகள், அரிசி நொய் அளவுத் துண்டுகள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலில் பித்தளைப் பொடி மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது.

தண்ணீர் மட்டும் புகுந்து துண்டுகள் இல்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழையதை வடித்து, புது ஆயில் ஊற்றி, 200, 300 கி.மீ. ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். முதல் தடவை போட்டது கழுவுவதற்குத்தான், விலை பார்க்காதீர்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தரம், 80 டபிள்யூ 90 அல்லது மேனுவல் சொல்லும் எண். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அதையே ஊற்றிவிடாதீர்கள். சில கேஸ் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில் கேட்கும், சில வேறு. 'எல்லாம் கியர் ஆயில்தானே' என்பது பணிமனையில் கேட்கக் கூடாத வாக்கியம். பின்னால் லிமிடட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்குரிய ஆயில்தான் வேண்டும். சாதா ஆயில் ஊற்றினால் மெதுவாகத் திரும்பும்போது பின்னால் 'கிர்ர்கிர்ர்' என்று நடுங்கும், அதையும் ஃபோர் வீல் சத்தம் என்று புகார் எழுதுவார்கள்.

பினியன் பேரிங்கே போயிருக்கிறது என்று உறுதியானால், நல்ல கையிடம் கொடுங்கள். பினியன் நட்டைச் 'சும்மா ஒரு இழு இழுத்தால் சரியாகிவிடும்' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அந்த நட்டுக்குக் கீழே ஒரு கிரஷ் ஸ்லீவ் உண்டு. அது நசுங்கும் அளவுதான் பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கிறது. ஒருமுறை நசுங்கியது திரும்ப நீளாது, கூட இழுத்தால் பேரிங் இறுகிச் சூடேறி எரியும். புது ஸ்லீவ், புது நட்டு, இறுக்கத்தை டார்க் அளவோடு மேனுவல்படி. கிரவுனையும் பினியனையும் ஒன்றை மட்டும் மாற்றவும் கூடாது. இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்க்கப்பட்டவை. பல் இடைவெளி பெரும்பாலான பிக்கப்புகளில் 0.13 முதல் 0.18 மி.மீ. வரை வைப்பார்கள். டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டி 'சரியா இருக்கு' என்பது சரியில்லை. மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, பல்லின் நடுவில் தடம் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டுபவர் வேலை தெரிந்தவர்.

ஃபோர் ஹை போட்ட நொடியில், அல்லது விளக்கு மின்னிக்கொண்டே இருந்து 'கர்ர்ர்' என்று பல் உரசும் சத்தம் வந்தால், முன் டிஃபரன்ஷியலின் ஆக்சுவேட்டர் (தண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கருவி) பாதியில் நிற்கிறது. வேக்குவம் வகையில் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், மின்சார வகையில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருக்கும். இரண்டும் உப்பின் வேலை. பயன்படுத்தாமல் விட்டால் ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கும் இறுகிவிடும். மாதம் ஒரு முறையாவது மணலில் ஐந்து நிமிடம் ஃபோர் ஹை போட்டு ஓட்டுங்கள்.

மணலில் இறங்கிய அன்றே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கடற்கரையை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும், அதில் கழுவினால் உப்பு முழுக்கப் போகாது. நல்ல தண்ணீர் வரும் இடத்தில் கழுவுங்கள். பிரஷர் பம்பை சீலுக்கும் கிராஸுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: இன்று பின் ஹவுசிங் ஆயிலையும் பிரீதரையும் பாருங்கள். நாளை டயர் அளவு. மறுநாள் விடியலில் சோதனை ஓட்டம், அதில் ஆக்சிலரேட்டர் சோதனையும், புழுதியான நேர்ப்பாதையில் ஃபோர் ஹை போட்டால் ஊளை மறைகிறதா என்பதும். 20 கி.மீ. ஓடி நிறுத்தியதும் பின் ஹவுசிங்கின் நடுக்குடத்தையும் பினியன் கழுத்தையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. மூன்று எண்ணும்வரை கை வைக்க முடியாமல் பினியன் கழுத்து மட்டும் கொதித்தால், அல்லது பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து இடவலமாக ஆட்டும்போது கையில் ஆட்டம் தெரிந்தால், அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் லோடு ஏற்றி ஓட்டினால் பினியன் பல் முறிந்து கிரவுனோடு சிக்கி, பின் சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். சோதனை முடிவுகளை மேலே கேட்ட வரிசையில் எழுதி அனுப்பினால், எந்த பாகத்தைக் கழற்றுவது என்று சொல்ல முடியும்.